எட்டைவிடச் சிறிய பத்து

அத்தியாயம் ஆறு

மேஜைமேல் கிடந்த போன் திடீரென்று அலறியதில் சில்லுவின் கையிலிருந்த காபியில் பாதி அவள் சட்டைக்குப் போய்ச் சேர்ந்தது.

வழக்கமான மணிச் சத்தம் இல்லை அது. ஒரு ஆம்புலன்ஸும் பசித்த குழந்தையும் போட்டி போட்டுக்கொண்டு கத்தினால் எப்படி இருக்கும், அப்படி. கீழ்த்தளத்து லாண்டரிக்காரர் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு, "மேல என்னப்பா ஆச்சு?" என்று குரல் கொடுத்தார்.

வந்திருந்தவன் போனை அணைத்தான்.

"இது எங்க அத்தான் போன் சார். இந்தச் சத்தம்தான் அவர் காதுல விழலையாம்."

முப்பது வயது இருக்கும். இஸ்திரி கலையாத சட்டை, தோளில் லேப்டாப் பை, ஒன்பது நாள் தாடி. ஒன்பது நாளுக்கு முன்னால் செத்துப்போனவள் அவனுடைய ஒரே அக்கா. நுரையீரல் கெட்டுப்போய் இரண்டு வருடமாகப் படுக்கையில் கிடந்தவள். அவள் விரலில் ஒரு கிளிப். மூச்சு குறைந்தால் அந்தக் கிளிப் தகவல் அனுப்பும். புருஷன் போனில் இருக்கும் 'மூச்சுக் காவல்' என்கிற ஆப் அலறும். மதியம் இரண்டு மணிக்கு நர்ஸ் கிளம்பிப் போவாள், மூன்று மணிக்கு எட்டு வயது மகள் ஸ்கூலிலிருந்து வருவாள். நடுவில் அந்த ஒரு மணி நேரம் வீட்டில் ஆள் கிடையாது. புருஷன் வேலை பார்க்கும் லேத் பட்டறை பைக்கில் ஆறு நிமிஷ தூரம். அலறினால் ஓடிவந்து ஆக்சிஜனைத் திருகிவிட வேண்டும், அவ்வளவுதான் ஏற்பாடு.

"செவ்வாய்க்கிழமை ரெண்டு பதினாலுக்கு எச்சரிக்கை போயிருக்கு சார். அத்தான் போனுக்கு வந்து சேர்ந்ததுன்னு எங்க சர்வர்ல பதிவு இருக்கு. ஆனா மனுஷன் வரல. மூணு மணிக்கு ஸ்கூல் பையோட வந்த குழந்தைதான் அம்மாவைப் பார்த்தா." அவன் கண் நிறைந்துவிட்டது. "ரெண்டு வருஷமா பாத்துப் பாத்து சலிச்சிப்போச்சு அவருக்கு. போனை எடுத்துப் பார்த்திருக்காரு, திரும்பப் பாக்கெட்ல போட்டுக்கிட்டாரு. இதான் சார் நடந்தது."

நாற்காலியில் சாய்ந்திருந்த தராசு ஒன்றும் சொல்லவில்லை. அவருக்கு அந்தப் பெயர் வந்ததே எதைக் கேட்டாலும் இரண்டு பக்கமும் நிறுத்துப் பார்க்காமல் வாயைத் திறக்க மாட்டார் என்பதால்தான். துப்பறியும் தொழிலுக்கு வந்து இருபத்தாறு வருடம். இரக்கம் என்கிற சாமானை அதில் எங்கேயோ ஒரு வருடத்தில் தொலைத்துவிட்டு, தேடவும் இல்லை.

"ஆப்பை எழுதினது யாரு?" என்றார் கடைசியில்.

"எங்க கம்பெனி. சொல்லப்போனா நான்தான். அக்காவுக்காகவே ஆரம்பிச்சது. இப்ப இருநூத்தி நாப்பது குடும்பம் உபயோகிக்குது."

"பெரிய விஷயம் தம்பி. எங்ககிட்ட என்ன வேணும்?"

"நாளைக்குக் காலையில பத்து மணிக்குக் குழந்தை யார்கிட்ட இருக்கணும்னு விசாரணை. இப்ப எங்க வீட்லதான் இருக்கா. அதோட போலீஸ்ல புகாரும் குடுக்கப்போறேன். ரெண்டுக்கும் வெளியாள் ஒருத்தர் ரிப்போர்ட் வேணும். ஆப் வேலை செய்யுது, அந்த ஆள் பொய் சொல்றாருன்னு. நீங்களே கேட்டீங்கல்ல இப்ப?"

"லாண்டரி வரைக்கும் கேட்டுது," என்றாள் சில்லு, சட்டையைத் துடைத்தபடி. "சாட்சிக்கு என் சட்டையும் இருக்கு."

அவன் சிரிக்கவில்லை. தராசு கையை நீட்டினார்.

"போனை வெச்சிட்டுப் போங்க. சாயங்காலம் அஞ்சு மணிக்குள்ள உங்க ஆபீசுக்கே கொண்டுவரோம்."

அவன் ஒரு நொடி தயங்கினான். ஒரு நொடிதான். பிறகு பிளாஸ்டிக் உறையில் போட்டு, பத்திரமாக ஒட்டி, மேஜைமேல் வைத்துவிட்டுப் போனான்.

"பாவம் பாஸ்," என்றாள் சில்லு.

"யாரு?"

"யாருன்னா என்ன பாஸ், இவன்தான்."

"இப்பவே சொல்லிட்டியா?" தராசு எழுந்து செருப்பை மாட்டினார். "வா, அடுத்த ஆளையும் பார்த்துட்டு மொத்தமா பாவப்படலாம்."

சில்லு என்பது பெற்றவர்கள் வைத்த பெயர் இல்லை. பதினோரு வருடம் ஒரு சந்து முனையில் மொபைல் ரிப்பேர் கடை வைத்திருந்தவள். போனைத் திறந்து, நகத்தளவு சில்லைப் பார்த்தே அது யார் கையில் என்ன பாடுபட்டது என்று சொல்லிவிடுவாள். கடை போய்விட்டது, பெயர் ஒட்டிக்கொண்டது. தராசுக்கு மனுஷர்களைத் தெரியும், போனைத் தெரியாது. அவளுக்கு நேர்மாறு. சம்பளத்தைப் பற்றி வாயைத் திறக்காத வரைக்கும் இருவருக்கும் ஒத்துப்போகும்.

லேத் பட்டறைக்குள் நுழைந்ததும் இரும்புத் தூளும் எண்ணெயுமாக ஒரு நெடி மூக்கில் ஏறியது. பதினோரு மிஷின், பதினோரு ஆள். கத்தினால்தான் பேச்சு. மூலையில் ஒரு மிஷின் முன்னால் நின்றிருந்தவன்தான் புருஷன். ஒல்லியான உடம்பு, நாற்பது வயது. வந்தவர்கள் யார் என்று சொன்னதும் மிஷினை நிறுத்தினான். எதிர்ப்பே காட்டவில்லை. அதுதான் சில்லுவுக்கு முதலில் உறுத்தியது.

"மச்சினன் அனுப்பினானா? என்ன வேணுமோ எழுதிக்கோங்க. நாளைக்குக் கையெழுத்துப் போட்டுடுவேன்."

"என்னன்னு?"

"கேட்டும் வரலைன்னு."

"கேட்டீங்களா?"

அவன் தன் கையைப் பார்த்தான்.

"தெரியல. சர்வர்ல வந்து சேர்ந்ததுன்னு இருக்காம்ல. படிச்சவன் சொல்றான். மிஷின் சத்தத்துல விட்டுட்டேன் போல. எப்படி விட்டேன்னுதான் ஒன்பது நாளா யோசிக்கறேன். என் பொண்டாட்டி மூச்சு என் பாக்கெட்ல இருந்துச்சு சார். நான் பாட்டுக்கு இரும்பை சீவிக்கிட்டு இருந்திருக்கேன்."

பக்கத்து மிஷின்காரர், தலை நரைத்த போர்மேன், பொறுக்க முடியாமல் குறுக்கே வந்தார்.

"சார், இவன் சொல்றதைக் கேக்காதீங்க. புத்தி பேதலிச்சுப் போய் பேசறான். இந்த மணி நாலு வாட்டி அடிச்சிருக்கு. நாலு வாட்டியும் பட்டறை மொத்தமும் கேட்டுது. எங்களுக்கு ஒரு முறையே உண்டு. மணி அடிச்சா நான் இவன் மிஷினை நிறுத்துவேன். அந்தா, அவன் பைக்கை உதைச்சு ஸ்டார்ட் பண்ணுவான். கடைசி மிஷின்காரன் கேட்டைத் திறப்பான். இருபது செகண்டுல இவன் ரோட்டுல இருப்பான். நாலு வாட்டியும் அந்தப் பொண்ணு பொழச்சுது."

"அந்தச் செவ்வாய்க்கிழமை?"

"யாரும் நகரவே இல்ல சார். பதினோரு பேருக்கும் ஒரே நேரத்துல காது செவிடாகுமா? இதை அவன் மச்சினன்கிட்ட சொன்னேன். கூட வேலை பாக்கறவனுக்காக எல்லாரும் பொய் சொல்றீங்கன்னான். போலீஸும் அதையேதான் சொல்லுமாம்."

தராசு புருஷன் பக்கம் திரும்பினார். "போன்ல சமீபத்துல ஏதாவது மாத்தினீங்களா?"

"எனக்கு என்ன தெரியும் சார். அதுக்கு முந்தின ஞாயித்துக்கிழமை மச்சினன் வீட்டுக்கு வந்திருந்தான். போன் ரொம்பப் பழைய வெர்ஷன்ல இருக்கு அத்தான், ஆபத்துன்னு சொல்லி, மத்தியானம் பூரா உக்காந்து அவனேதான் புதுசு ஏத்திக் குடுத்தான். அக்கா மேல உயிரு அவனுக்கு."

"அப்புறம் போன் எப்ப அவன் கைக்குப் போச்சு?"

"அவ போன அன்னைக்கே. சாயங்காலம். அவளை ஹால்ல படுக்க வெச்சிருந்தோம். அக்கா போட்டோவெல்லாம் எடுத்துக்கறேன்னு கேட்டான், குடுத்தேன். உள் ரூம்ல உக்காந்து லேப்டாப்பை வெச்சிக்கிட்டு அழுதுக்கிட்டே இருந்தான். அதுக்கப்புறம் போனை நான் பார்க்கல."

கிளம்பும்போது அவன் பின்னாலேயே கேட் வரைக்கும் வந்தான்.

"பொண்ணைப் பார்த்தீங்களா சார்? சாப்பிடறாளா? போன் பண்ணினா என்கிட்ட பேச மாட்டேங்குறா. நான் சத்தம் கேட்டும் அம்மாகிட்ட வரலைன்னு அவளுக்குத் தெரிஞ்சு போச்சு."

"யாரு சொன்னது?" என்றாள் சில்லு.

"அவ மாமாதான். குழந்தைகிட்ட பொய் சொல்லக் கூடாதில்ல?" என்றான் அந்த மனுஷன், மச்சினனுக்குப் பரிந்து.

சில்லு அங்கேயே நின்றுவிட்டாள். தராசு கேட்டைத் தாண்டி நடந்துகொண்டே இருந்தார்.

பட்டறைக்கு எதிரே ஒரு பஸ் நிழற்குடை. இருவரும் சிமென்ட் பெஞ்சில் உட்கார்ந்தார்கள்.

"பதினோரு பேர் பொய், இல்லேன்னா ஒரு போன் பொய்," என்றார் தராசு. "போன் பொய் சொல்லுமா?"

"மனுஷன் சொல்லிக் குடுத்தா எல்லாம் சொல்லும் பாஸ். ஆனா காலையில நம்ம முன்னாடியே கத்துச்சே."

"அதான் எனக்கும் இடிக்குது. காலையில ஏன் கத்துச்சு?"

சில்லு அவரைப் பார்த்தாள். எல்லாரும் அன்றைக்கு ஏன் கத்தவில்லை என்று கேட்பார்கள். இந்த ஆள்தான் இன்றைக்கு ஏன் கத்தியது என்று கேட்பார். அவள் தன் போனை எடுத்து, ஆப் ஸ்டோரில் எல்லாருக்கும் கிடைக்கிற அதே 'மூச்சுக் காவல்' ஆப்பை இறக்கினாள்.

"உங்க போனையும் குடுங்க பாஸ். இதெல்லாம் போனா, தோண்டி எடுத்ததா?" தராசின் போன் கண்ணாடி நாலு துண்டாக விரிசல் விட்டிருந்தது. அதிலும் ஆப்பை ஏற்றினாள். ஆப்பின் அடியில் 'சோதனை மணி' என்று ஒரு பட்டன் இருந்தது. கிளிப் இல்லாமலே மணி அடித்துப் பார்த்துக்கொள்வதற்கு.

முதலில் தராசின் போனில் அழுத்தினாள். அலறியது. நிழற்குடையில் நின்றிருந்த இரண்டு பேர் துள்ளிக் குதித்தார்கள்.

"மன்னிச்சுக்கங்க, பெரியவர் போன். வயசாயிடுச்சு, பயந்துக்குது," என்று அவர்களைப் பார்த்துச் சொல்லிவிட்டு, தன் போனில் அழுத்தினாள்.

ஒன்றுமே இல்லை.

மறுபடி அழுத்தினாள். சத்தத்தை முழுக்க ஏற்றி வைத்து அழுத்தினாள். திரையில் மட்டும் 'எச்சரிக்கை வந்து சேர்ந்தது' என்று ஒரு சின்னப் பச்சை டிக் வந்தது. மணி இல்லை, அதிர்வு இல்லை, பிழை என்று ஒரு வார்த்தை இல்லை. சில்லுவின் முகத்திலிருந்து கேலி மெல்ல வடிந்தது.

"பாஸ். உங்க போன் வெர்ஷன் ஒன்பது. என் போன் பத்து. ஒன்பது கத்துது, பத்து ஊமையா இருக்கு."

"செத்தவ புருஷன் போன்?"

அவள் பிளாஸ்டிக் உறையைப் பிரித்தாள். ஓ.எஸ். வெர்ஷன் பத்து. ஞாயிற்றுக்கிழமை மச்சினன் ஏற்றிக் கொடுத்தது. சோதனை மணியை அழுத்தினாள். இரண்டாவது முறையாக அந்தத் தெரு அதிர்ந்தது. நிழற்குடையில் நின்றவர்கள் அடுத்த பஸ் எந்த ஊருக்கு என்றுகூடப் பார்க்காமல் ஏறிவிட்டார்கள்.

"இதுவும் பத்து. இது மட்டும் எப்படிக் கத்துது?" சில்லு இரண்டு போனிலும் ஆப்பின் விவரப் பக்கத்தைத் திறந்து பக்கத்தில் பக்கத்தில் பிடித்தாள். "என் ஆப் அறுபத்தொண்ணாம் பதிப்பு. உங்களுதும் அறுபத்தொண்ணு. இது அறுபத்திரெண்டு. அறுபத்திரெண்டு ஆப் ஸ்டோர்லயே கிடையாது பாஸ். உலகத்துல இந்த ஒரு போன்ல மட்டும் இருக்கு. லேப்டாப்ல வயரை மாட்டி நேரா ஏத்தியிருக்கான்."

"எப்ப?"

அவள் இன்னும் ஒரு வரி கீழே நகர்த்தினாள்.

"செவ்வாய்க்கிழமை. சாயங்காலம் அஞ்சு அம்பத்திரெண்டு."

ஒரு பஸ் வந்து நின்று போயிற்று. ஹாலில் அக்கா படுத்திருந்த நேரம் அது. உள் அறையில் தம்பி லேப்டாப்பை வைத்துக்கொண்டு அழுதுகொண்டிருந்த நேரம்.

"எனக்குப் புரியற மாதிரி சொல்லு," என்றார் தராசு. "பத்துக்கு மட்டும் ஏன் ஊமை?"

"என் கடையில ரிப்பேர் பெட்டிக்கெல்லாம் நம்பர் போட்டு கம்ப்யூட்டர்ல ஏத்தி வெச்சிருந்தேன் பாஸ். வரிசைப்படுத்துன்னா என்ன பண்ணும் தெரியுமா? ஒண்ணு, அதுக்கப்புறம் பத்து, பதினொண்ணு, அதுக்கப்புறம்தான் ரெண்டு, மூணு. ஏன்னா அது நம்பர்னு நான் சொல்லல. எழுத்துன்னு நெனச்சுக்கிட்டு, டிக்‌ஷனரி மாதிரி முதல் எழுத்தைப் பார்த்து அடுக்கும். பத்தோட முதல் எழுத்து ஒண்ணு. அது எட்டுக்கு முன்னாடி வந்துடும். எட்டை விட பத்து சின்னது."

"அதனால?"

"எட்டாவது வெர்ஷன்ல இருந்து போன்ல மணி அடிக்க வைக்கிற முறையே மாறிடுச்சு. முன்கூட்டிப் பதிவு செஞ்ச மணிதான் அடிக்கும். பழைய முறையில வந்தா வாசல்லயே நிறுத்திடும், சத்தமே காட்டாது. அதனால ஆப் எழுதறவன் முதல்ல போன் எந்த வெர்ஷன்னு கேக்கணும். எட்டும் அதுக்கு மேலயும்னா புது முறை, கம்மின்னா பழைய முறை. இவன் வெர்ஷனை நம்பரா கேக்கல, பேரா கேட்டு எழுத்தா ஒப்பிட்டிருக்கான். ஒன்பது வரைக்கும் பிரச்சினையே இல்ல. பத்து வந்ததும், ஐயோ இது எட்டை விடப் பழைய போனுன்னு முடிவு பண்ணி, பழைய முறையில அனுப்பிட்டு, வந்து சேர்ந்ததுன்னு டிக்கும் போட்டுடுச்சு."

"ஒரு வரியா?"

"ஒரே வரி பாஸ்."

தராசு எழுந்தார். "மணி மூணே முக்கால். அஞ்சுக்கு வரேன்னு சொன்னோம். சீக்கிரம் போனா சந்தோஷப்படுவான்."

அவன் ஆபீசில் கண்ணாடிச் சுவர் வைத்த அறை. வெளியே பத்துப் பதினைந்து பேர் காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு தட்டிக்கொண்டிருந்தார்கள். அவன் தண்ணீர் பாட்டில் எல்லாம் வைத்து உபசரித்தான்.

"ரிப்போர்ட் ரெடியா சார்?"

சில்லு மூன்று போனையும் மேஜையில் வரிசையாக வைத்தாள். முதலில் தராசின் போனை அழுத்தினாள், அலறியது. கண்ணாடிக்கு வெளியே தலைகள் திரும்பின. மூன்றாவதாக இருந்த அத்தான் போனை அழுத்தினாள், அலறியது. நடுவில் இருந்த தன் போனை அழுத்திவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டாள்.

அந்த நிசப்தத்தில் அவன் முகம் எப்படி வெளுத்தது என்பதைப் பார்க்கக் கொடூரமாக இருந்தது. சில்லு பார்த்தாள். பார்க்க வேண்டும் என்று அவளுக்குத் தோன்றியது.

"நான் வேணும்னு செய்யல," என்றான்.

"யாரும் அப்படிச் சொல்லலையே," என்றார் தராசு மிருதுவாக. "ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி எழுதின வரி. அப்ப பத்தே வரல. சரிதானே?"

"ஆமா சார். ஏழு, எட்டு, ஒன்பதுதான் இருந்துச்சு. பத்து வரும்போது மாத்திக்கணும்னு பக்கத்துலயே குறிப்பு கூட எழுதி வெச்சிருந்தேன். மறந்துட்டேன். வெர்ஷனை நம்பராவே கேட்டு வாங்கறதுக்கு போன்லயே வழி இருக்கு. அஞ்சு நிமிஷ வேலை."

"செவ்வாய்க்கிழமை அஞ்சே நிமிஷத்துலதான் செஞ்சியா?"

காலையிலிருந்து 'நீங்க' என்று பேசிய தராசு எப்போது 'நீ'க்கு இறங்கினார் என்று அவன் கவனித்ததாகத் தெரியவில்லை.

"ஞாயித்துக்கிழமை புது வெர்ஷன் ஏத்தினியே, அதுக்கப்புறம் சோதனை மணி அடிச்சுப் பார்த்தியா?" என்றாள் சில்லு.

"இல்ல. அக்கா அப்பதான் கண்ணசந்தா. சத்தம் போட்டா முழிச்சுக்குவான்னு விட்டுட்டேன்."

இதற்குப் பிறகும் அவன்மேல் இரக்கப்படலாம். சில்லுவுக்கு இரக்கம் வரவும் செய்தது. ஒரு மனுஷன் தாங்க முடியாத தப்பு அது, ஆனால் தப்புதான். தராசு அதற்கு அவகாசம் கொடுக்கவில்லை.

"அக்கா செத்தது உன் மறதியால. அதை விட்டுடறேன். அஞ்சு அம்பத்திரெண்டுக்குப் பண்ணினது மறதி இல்ல. பொணத்தைப் பக்கத்து ரூம்ல வெச்சுக்கிட்டு, அந்த ஒரு போனை மட்டும் பேச வெச்சே. எதுக்கு? போலீஸ் வாங்கிப் பார்த்தா கத்தணும்கறதுக்கு. கத்தினா, உன் அத்தான் கொலைகாரன்."

"சார், கம்பெனி மூடிடுவாங்க, என் வாழ்க்கையே…"

"மத்த இருநூத்தி முப்பத்தொன்பது குடும்பம்?" சில்லுவின் குரல் அவளுக்கே அந்நியமாகக் கேட்டது. "அவங்களுக்கு ஏன் அறுபத்திரெண்டைக் குடுக்கல?"

"வெளியிட்டா என்ன திருத்தம், என்ன தேதின்னு எல்லாம் பதிவாயிடும். விசாரணை முடியட்டும், அடுத்த மாசம் சத்தமில்லாம…"

"ஒன்பது நாளா அவங்க போனும் ஒண்ணொண்ணா பத்துக்கு மாறிக்கிட்டுத்தானே இருக்கு? யார் வீட்லயாவது எச்சரிக்கை போச்சா?"

அவன் லேப்டாப்பை மூடப் போனான். சில்லு அதைத் தன் பக்கம் திருப்பினாள். திரையில் ஒரு பட்டியல் திறந்தே இருந்தது. தினமும் அவன் பார்த்துக்கொண்டிருந்த பட்டியல். வெர்ஷன் பத்து என்ற வரியில், நான்கு நாளைக்கு முன்னால், ஏதோ ஒரு வீட்டின் எண். எச்சரிக்கை போனது. வந்து சேர்ந்தது. பக்கத்தில் பச்சை டிக். அதற்கு அடுத்த நாள் தேதியிட்டு, 'பயனர் விலகிவிட்டார். காரணம்: சாதனம் இனி தேவையில்லை.'

"இன்னொரு வீடு பாஸ்," என்று சில்லு அந்த வரியின்மேல் விரலை வைத்து, லேப்டாப்பைத் தராசு பக்கம் திருப்பினாள்.

"வெளியிடு," என்றார் தராசு.

அவன் நான்கைந்து பட்டன்களைத் தட்டினான். அறுபத்திரெண்டாம் பதிப்பு எல்லாருக்கும் போகத் தொடங்கியது. வேலை ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை.

"போதும் சார்," என்றான். "இதோட விட்டுடுங்க. புகாரைக் குடுக்கல. குழந்தையை அத்தான்கிட்டயே அனுப்பிடறேன். காரணம் மட்டும் யாருக்கும் வேண்டாம். உங்க காலைப் புடிச்சுக் கேக்கறேன்."

"ரிப்போர்ட் கேட்டியே, அது நாளைக்குப் பத்து மணிக்கு விசாரணை மேஜைக்குப் போயிடும். உனக்கும் ஒரு காப்பி உண்டு." தராசு அவனுடைய சொந்த போனை எடுத்து அவன் முன்னால் வைத்தார். "ஆனா குழந்தைக்கு ரிப்போர்ட் படிக்கத் தெரியாது. அவளுக்கு நீதான் சொல்லணும். நீதானே அப்பா கேட்டும் வரலைன்னு சொன்னே?"

"எட்டு வயசுக் குழந்தை சார் அவ! மாமா மாமான்னு என் மேலயே கிடக்கறா. இதை எப்படி…"

"அவங்க அப்பாவைப் பத்தி சொல்லும்போதும் அவளுக்கு எட்டு வயசுதான்."

சில்லு கொஞ்சம் இருங்கள் என்று சொல்ல வாயெடுத்தாள். பட்டறைக் கேட்டில் நின்று 'சாப்பிடறாளா' என்று கேட்டவன் ஞாபகம் வந்தது. சொல்லவில்லை.

அவன் வீட்டு எண்ணை அழுத்தினான். தராசு ஸ்பீக்கரைப் போட்டார். இரண்டாவது மணியிலேயே குழந்தை எடுத்துவிட்டாள். பக்கத்திலேயே காத்துக்கொண்டு இருந்திருக்க வேண்டும்.

"மாமா! நாளைக்குத்தானே?"

"என்னடா கண்ணு?"

"அப்பாவை போலீஸ் புடிச்சுக்கிட்டுப் போறது. நாளைக்குத்தானே சொன்னீங்க?" குரலில் பயம் இல்லை, அழுகை இல்லை. பிறந்த நாளுக்கு எத்தனை நாள் இருக்கிறது என்று கேட்கிற குழந்தையின் குரல்தான் அது. "நானும் வந்து பார்க்கட்டுமா மாமா? அம்மாவை சாகடிச்சவங்களைக் கட்டிப் போடுவாங்களா?"

அவன் வாயைப் பொத்திக்கொண்டு தராசைப் பார்த்தான். கண்ணாலேயே கெஞ்சினான்.

"மாமா? சொல்லுங்க மாமா."

தராசு போனை அவன் பக்கமாக இன்னும் கொஞ்சம் நகர்த்தி வைத்தார்.